ஐந்தடி மணல்

தேற்றாத்தீவு வாவிக்கரையிலிருந்து கதிர்காமக் காட்டுவழி வரை: நடக்க ஏலாதவர்களுக்கும் நம் வழிகளில் இடமுண்டா?

மாமாவின் சக்கர நாற்காலி நின்றுபோன இடத்தை இன்றைக்கும் என்னால் காட்ட முடியும். தேற்றாத்தீவில் பெருந்தெருவிலிருந்து மேற்கே இறங்கி வாவிக்கரைக்குப் போகும் குறுக்கு வீதிகளில் ஒன்று. முக்கால்வாசித் தூரம் கொங்கிறீட். சில்லு வழுக்கிக்கொண்டு ஓடியது. மாமா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, இரு பக்கத்துத் தோட்டங்களையும் பார்த்து, இன்னாருடைய வெற்றிலைக் கொடி நன்றாக ஏறியிருக்கிறது, இன்னாருடையது தண்ணீர் காணாமல் வாடிக் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். கொங்கிறீட் முடிந்தது. அதற்கப்பால் மணல். ஐந்தடிதான் இருக்கும். அதைத் தாண்டினால் மாடுகள் மிதித்து இறுகிய கரைநிலம், அதற்கப்பால் தண்ணீர். முன்சில்லுகள் இரண்டும் மணலுக்குள் இறங்கின. தள்ளினேன். கதிரை நகரவில்லை, முன்பக்கமாகக் குனிந்தது. மாமா இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிக்கொண்டார்.

“விடு மனே, சில்லு புதையுது.”

கரையில் வலை உதறிக்கொண்டு நின்ற இரண்டு பேரைக் கூப்பிட வாயெடுத்தேன். அரை நிமிட வேலை. கதிரையோடு தூக்கி அந்தப் பக்கம் வைத்திருப்பார்கள். மாமா தடுத்துவிட்டார்.

“ஆளக் கூப்பிட்டுத்தான் ஆத்தப் பாக்கணுமெண்டா எனக்குப் பாக்கவே வேணாம். கிறுக்கு, வீட்ட போவம்.”

அந்த ஆற்றில் முப்பது வருடம் வீச்சுவலை எறிந்த மனிதர். சீனி வருத்தம் வலது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோனது. அதற்குப் பிறகு அவர் தண்ணீரைப் பார்க்க வந்தது அன்றைக்குத்தான். தண்ணீர் எங்களிடமிருந்து ஐந்தடிக்கு அப்பால் வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. திரும்பிவிட்டோம்.

மட்டக்களப்பு வாவியை எங்கள் பக்கத்தில் வாவி என்று யாரும் சொல்வதில்லை. ஆறுதான். வாவி என்பது பாடப்புத்தகத்திலும் உல்லாசப் பயணத்துறையின் விளம்பரப் பலகையிலும் உள்ள சொல்.

கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில்

ஊரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே கல்முனைக்குப் போகும் பெருந்தெருவில் செட்டிபாளையம், மாங்காடு தாண்டினால் தேற்றாத்தீவு. அடுத்தது களுதாவளை, அதற்கடுத்தது களுவாஞ்சிகுடி. கிழக்கே கடல், மேற்கே ஆறு, நடுவில் ஒடுங்கிய மணல்நிலம். சூரியன் எழும் பக்கமானதால் எழுவான்கரை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வயலும் காடும் யானையுமாகக் கிடப்பது படுவான்கரை. ஊர்ப்பெயரைத் தேற்றா மரத்தோடு சேர்த்துத்தான் பெரியவர்கள் சொல்வார்கள். கலங்கிய தண்ணீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் சேறு அடியில் தங்கித் தண்ணீர் தெளியும். அந்த மரத்தை இன்றைக்கு எத்தனை பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டத் தெரியும் என்பது வேறு கதை.

இந்த மணல்தான் எங்களுக்குச் சோறு போட்டது. கிணறு தோண்டினால் கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர். வெற்றிலை, மிளகாய், கத்தரி, வெங்காயம் எல்லாம் இந்த மணலில்தான். ஆனால் ஒரு ஊன்றுகோலுக்கு, ஒரு சக்கர நாற்காலிக்கு, பிள்ளையை வைத்துத் தள்ளும் வண்டிக்கு, முழங்கால் தேய்ந்த ஒரு அம்மாவுக்கு, மணல் சுவர் மாதிரி. சுவரென்றால் கண்ணுக்குத் தெரியும், யாராவது இடிக்கச் சொல்லிக் கேட்பார்கள். மணலை யாரும் தடையென்று நினைப்பதில்லை.

ஊருக்குள் கொங்கிறீட் வீதிகள் வந்தது பெரிய மாற்றம், அதை மறுக்கக் கூடாது. மழைக்காலத்தில் முழங்கால் வெள்ளத்தில் நடந்த நாங்கள் இன்று செருப்புக் கழற்றாமல் பள்ளிக்கூடம் வரை போகிறோம். ஆனால் அந்த வீதிகளின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். கொங்கிறீட் தகடு நிலத்திலிருந்து அரையடி உயர்ந்து நிற்கிறது. ஓரத்தில் மண் நிரப்பியிருக்க வேண்டும், பல இடங்களில் இல்லை, அல்லது நிரப்பியது மழையில் போய்விட்டது. எதிரில் உழவு இயந்திரம் வந்தால் நடக்கிறவன் ஓரத்தில் இறங்கி நிற்பான். சக்கர நாற்காலியில் இருப்பவர் எங்கே இறங்குவார்? கோல் ஊன்றி வரும் கண் தெரியாதவருக்கு அந்த அரையடிப் பள்ளம் காலை மடக்கிவிடும் பொறி.

பாதை என்றால் மிதப்பது

வெளியூர்த் தமிழர் பலருக்குப் புதிதாகத் தோன்றும் ஒரு பழக்கம் எங்களிடம் உண்டு. மட்டக்களப்பில் “பாதை” என்றால் தண்ணீரில் மிதப்பது. எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான மிதவையைத்தான் பாதை என்கிறோம். “பாதை வந்திட்டா?” “பாதை அங்கால நிக்குது.” வெளியூர்க்காரர் கேட்டால் தலையைச் சொறிவார். தேற்றாத்தீவுக்கு வடக்கே குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கு ஒரு பாதை, தெற்கே குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு ஒரு பாதை. மண்முனையிலும் பாதைதான் ஓடியது, 2014இல் அங்கே பாலம் திறந்தார்கள். களுவாஞ்சிகுடிப் பக்கம் பட்டிருப்புப் பாலம் முன்னரே இருக்கிறது.

மண்டூர் கந்தசுவாமியைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். திருவிழாக் காலத்தில் குருமண்வெளித் துறையில் நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். பாதைக்கும் கரைக்கும் இடையில் ஒரு பலகை விழும். ஆற்றில் தண்ணீர் நிறைந்த மாரியில் பலகை ஏறக்குறைய மட்டமாக இருக்கும். கோடையில் தண்ணீர் வற்றினால் அதே பலகை கூரை மாதிரிச் சரிந்துவிடும். சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மற்றக் கையால் தெரியாத ஒரு பொடியனின் தோளைப் பிடித்து, அம்மாமார் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். சிரித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். அடுத்த வருடம் அவர்களில் சிலர் வருவதில்லை. ஏன் வரவில்லை என்று கணக்கெடுக்க அங்கே யாரும் இல்லை.

சரிவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஓரடி உயரம் ஏற வேண்டுமென்றால் பன்னிரண்டடி நீளத்துக்குச் சாய்தளம் வேண்டும். உலகின் பல நாடுகளில் கட்டடக்காரர்கள் வைத்திருக்கும் அளவு இது. துறைக்கரையில் தண்ணீரின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஏற்ற மாதிரி நீண்ட தட்டு, இரு பக்கமும் பிடிகம்பி, நனைந்தாலும் வழுக்காத மேற்பரப்பு: இவ்வளவுதான். பாலம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பாலமென்ற பெரிய கனவைக் காட்டிக் காட்டியே இருக்கிற பாதையைத் திருத்தாமல் விடுவது நம் நாட்டில் பழைய பழக்கம். அதன் விலை என்னவென்று 2021 நவம்பர் 23 அன்று திருகோணமலை மாவட்டம் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பார்த்தோம். பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருக்க, பதிலுக்கு ஓடிய மிதவை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டார்கள். ஏறி இறங்க எளிதான பாதை என்பது சக்கர நாற்காலிக்காரருக்குச் செய்யும் உபகாரம் அல்ல. அதில் எல்லோருடைய உயிரும் இருக்கிறது.

நடக்கிறவர்களின் நாடு

நடப்பதற்கென்றே வழி போடும் வழக்கம் இப்போது இலங்கையிலும் வந்துவிட்டது. கண்டியிலிருந்து நுவரெலியா வரை தேயிலைத் தோட்டங்களின் பழைய வண்டிப்பாதைகளை இணைத்து, 300 கிலோமீற்றருக்கு மேல் 22 கட்டமாகப் பீக்கோ நடைவழியை அமைத்திருக்கிறார்கள். வெளிநாட்டார் முதுகில் பையோடு லயன்களைக் கடந்து நடக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் எழுவான்கரைக்காரனுக்கு நடப்பது புதிதாகக் கற்றுக்கொள்ளும் பொழுதுபோக்கு அல்ல. எங்களுக்கென்று ஒரு நெடும்வழி இருக்கிறது: கதிர்காமப் பாதயாத்திரை.

யாழ்ப்பாணத்தில் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படுகிறவர்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கரையோரமாகவே வந்து, பெருந்தெருவழியே எங்கள் ஊரைக் கடப்பார்கள். சிலர் ஆற்றைத் தாண்டி மண்டூர் முருகனைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். திருக்கோவில், பொத்துவில், உகந்தை. உகந்தையில் தார் வீதியின் துணை முடிந்து குமண, யால காடுகள் தொடங்கும். ஆடிவேல் விழாவையொட்டி ஏறத்தாழ இரண்டு கிழமைக்கு மட்டும் காட்டுவழியைத் திறப்பார்கள். நான்கைந்து நாள் நடை. கும்புக்கன் ஆற்றில் குளித்து, மணலில் படுத்து, விடியுமுன் அரோகரா சொல்லி எழும்பி நடப்பது. 1983க்குப் பிறகு போரில் அறுந்துபோன இந்த நடையை 1988இல் மறுபடி தொடக்கியவர்களில் பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்கரும் ஒருவர். யுத்தம், சுனாமி, பொருளாதார நெருக்கடி எல்லாவற்றையும் கடந்து இன்றும் நடக்கிறார்கள்.

இந்த வழியில் எனக்கு வியப்பான விஷயம் அதன் நீளம் அல்ல, அதன் ஏற்பாடு. கிலோமீற்றருக்கு ஒரு தாகசாந்திப் பந்தல் மாதிரி, ஊருக்கு ஊர் மோரும் கூழும் கொடுப்பார்கள். கோயில் மண்டபங்கள் இரவுக்குத் திறந்திருக்கும். களுதாவளைப் பிள்ளையார் வாசலில் கால் கழுவ வாளியில் தண்ணீர் வைத்திருப்பார்கள். எழுபது வயதுக் கிழவி நடந்து போகிறாள் என்றால் அவளுடைய கால் மட்டும் காரணமில்லை. பத்துப் பதினைந்து நிமிட நடைக்கு ஒருதரம் இருக்க இடமும் குடிக்கத் தண்ணீரும் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவளை நடத்துகிறது.

இது நேற்று வந்த வழக்கமில்லை. தமிழன் வழி போட்டபோது வழியோடு சேர்த்துப் போட்டவற்றை நினைத்துப் பாருங்கள். மடம். கேணி. தண்ணீர்ப்பந்தல். மாடு உடம்பை உராய்ந்துகொள்ள ஆவுரஞ்சிக்கல். எல்லாவற்றுக்கும் மேலாகச் சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்கே வைத்தால் சுமைதாங்கி. அதன் உயரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? தலைச்சுமையோடு தனியாக வருகிற ஒருவர், யாரையும் கூப்பிடாமல், குனியாமல், சுமையை அப்படியே நகர்த்தி வைக்கவும், இளைப்பாறிய பின் திரும்ப எடுத்துத் தலையில் ஏற்றவும் ஏற்ற உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். ஒரு கல்லில் இவ்வளவு யோசனை. அடுத்தவர் கையை எதிர்பார்க்காமல் போக வேண்டும் என்று மாமா கேட்டதும் இதைத்தான். பக்கத்து ஊர் ஒன்றுக்குக் குருக்கள்மடம் என்றே பெயர் இருக்க, வழியோரத்தில் இருந்து எழும்ப ஒரு கைப்பிடி வைத்த வாங்கு இல்லாமல் இருப்பது வெட்கம்தான்.

கைப்பிடியை ஏன் சொல்கிறேன் என்றால், நினைவுத்தூபி மாதிரிச் சீமெந்துத் திண்ணை கட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு அது தெரிவதில்லை. முழங்கால் வருத்தக்காரர் தாழ்ந்த திண்ணையில் இருந்துவிட்டால் எழும்ப முடியாது. அதனால் இருக்கவே மாட்டார். இருக்கையின் உயரம் ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது, சாய முதுகு வேண்டும், ஊன்றி எழும்பக் கை வேண்டும், பக்கத்தில் ஒரு சக்கர நாற்காலி நிற்க வெறும் இடம் வேண்டும். கல்யாணத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டிருப்பது மாதிரி நாற்காலியில் வந்தவரும் பக்கத்தில் இருந்து பேசலாம்.

மெரினாவின் மரப்பாதை

மணலுக்கு வழியே இல்லையா என்று கேட்பவர்கள் சென்னைக்குப் போய்ப் பார்க்கலாம். மெரினாக் கடற்கரையில் மாற்றுத்திறனாளிகள் பல வருடம் போராடிக் கேட்ட மரப்பாதை 2022 நவம்பர் 27இல் திறக்கப்பட்டது. 263 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், ஏறத்தாழ 1 கோடி 14 இலட்சம் இந்திய ரூபாய் செலவு. வாழ்நாளில் முதல்தரம் அலையைக் கிட்டவிருந்து பார்த்தவர்கள் அழுதார்கள். இரண்டு கிழமைகூட ஆகவில்லை, டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்து கடலோரத் துண்டை உடைத்துப் போட்டது. பரிகாசம் செய்யக் காத்திருந்தவர்கள் செய்தார்கள். ஆனால் அதைத் திருத்தித் திரும்பவும் திறந்தார்கள்.

எங்களுக்கு அதில் இரண்டு பாடம். ஒன்று, மணலில் வழி போடலாம். இரண்டு, போட்டுவிட்டுப் போகக் கூடாது. 1978 நவம்பர் 23ஆம் திகதிப் புயல் மட்டக்களப்பைச் சப்பித் துப்பியதையும், 2004 டிசம்பர் 26இல் கடல் வந்ததையும் பார்த்த ஊர் இது. ஒவ்வொரு மாரியிலும் ஆறு பெருகிக் கரைவழியை மூடும், முகத்துவாரம் வெட்டினால்தான் வடியும். இங்கே ஒரு கோடியில் மரப்பாதை கட்டி நாடா வெட்டுவதைவிட, கெட்டால் ஊரே திருத்தக்கூடிய வழி மேல்.

தென்னந்தும்பு எங்களிடம் இருக்கிறது. தும்பில் நெய்த வலைப்பாயை மணலில் விரித்து, மேலே கிரவல் போட்டு இறுக்கினால் மணல் நகராமல் நிற்கும். இந்தியாவில் கிராம வீதிகளின் அடியில் தும்புப்பாய் விரிப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. இலங்கையும் இதே பாயை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறது, மண்ணரிப்பைத் தடுக்க. சில வருடத்தில் பாய் உக்கும். அதற்குள் கிரவல் இறுகிவிடும், இல்லாவிட்டால் இன்னொன்று விரிக்கலாம். மாமா நின்றுபோன அந்த ஐந்தடிக்கு ஒரே ஒரு பாய் போதும். வழியின் இரு ஓரமும் தென்னங்குற்றிகளை நீளவாக்கில் பதித்தால் சில்லு விலகாது, கண் தெரியாதவரின் கோலுக்கும் அது வழிகாட்டி. நகரத்து நடைபாதைகளில் புள்ளியும் கோடுமாக மஞ்சள் ஓடு பதிப்பார்களே, அதை ஜப்பானியரான சேய்ச்சி மியாகே 1967இல் ஒகயாமா நகரில் முதலில் பதித்தார். நமக்கு ஓடு வேண்டாம். குற்றி போதும்.

அதே நேரத்தில், கரை முழுக்க இன்டர்லொக் கல் பதித்து, வர்ண விளக்குப் போட்டு, படமெடுக்க மேடை கட்டி ‘நடைபாதை’ என்று பெயர் வைப்பதை நான் எதிர்ப்பேன். கண்டல் செடியை வெட்டினால் மீன் குஞ்சுக்கு இடமில்லை. கரை அரிக்கும். கண்டலுக்குள் தில்லை மரமும் நிற்கும், அதன் பால் கண்ணில் பட்டால் கண் எரிந்து போகும். ஆற்றில் முதலையும் உண்டு. வழி எங்கே போகவேண்டும், எங்கே போகக் கூடாது என்று தெரிந்தவர்கள் வலைகாரர்களும் மாட்டுக்காரர்களும். வரைபடம் போட வருகிற பொறியியலாளர் முதலில் அவர்களோடு ஒரு பின்னேரம் நடக்க வேண்டும். இன்னொரு பின்னேரம் சக்கர நாற்காலியில் வருகிற ஒருவரோடு.

எல்லோருக்கும், பலருக்கும், சிலருக்கும்

இங்கிலாந்தில் வயல்வேலியைக் கடக்க மரப்படி வைப்பார்கள். ஆள் ஏறித் தாண்டலாம், ஆடு தாண்டாது. எங்கள் ஊர்க் கடப்பு மாதிரித்தான். ஆட்டை மறிக்கும் அந்தப் படி முழங்கால் வருத்தக்காரரையும் சேர்த்தே மறித்தது. லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் படியில்லாத வழிகள் என்று ஏறத்தாழ ஐம்பதைத் தெரிந்தெடுத்து ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். அவற்றை மூன்றாகப் பிரித்திருப்பது எனக்குப் பிடித்தது: எல்லோருக்கும் ஏற்றது, பலருக்கு ஏற்றது, சிலருக்கு ஏற்றது. மலையுச்சிக்கு லிஃப்ட் வைக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. எது எப்படி இருக்கிறது என்று உண்மையைச் சொல்கிறார்கள். எவ்வளவு சரிவு, எங்கே அகலம் குறைகிறது, எங்கே மலசலகூடம். அதைப் படித்துவிட்டுப் போவதா வேண்டாமா என்று அவரவர் முடிவு செய்கிறார்.

நமக்கு இது நன்றாகப் பொருந்தும். உகந்தையிலிருந்து கதிர்காமம் வரையுள்ள காட்டுமணலை மட்டப்படுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. அது காடு, காடாகவே இருக்கட்டும். ஆனால் யாத்திரைக் கூட்டத்தோடு ஒரு நாள், ஒரு காலை, தேற்றாத்தீவுக் கொம்புச்சந்திப் பிள்ளையாரில் தொடங்கிக் களுதாவளைப் பிள்ளையார் வரை, மாமா மாதிரி ஆட்களும் கூட நடக்கலாம். சில்லில் போவதையும் நடை என்றுதான் நான் சொல்கிறேன். அதற்கு எல்லோருக்கும் ஏற்ற வழி அந்தச் சிறு தூரம் இருந்தால் போதும். படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத் தேரோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு, கோயிலைச் சுற்றிய மணல் எங்கே ஆழம் என்று முன்கூட்டிச் சொன்னாலே பாதிப் பேருக்கு உதவி.

எல்லோருக்கும் ஏற்ற வழிக்கு உதாரணமாக மட்டக்களப்பு நகரின் பழைய கல்லடிப் பாலத்தைப் பாருங்கள். 1924இல் கட்டிய லேடி மனிங் பாலம். 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் திறந்த பிறகு வாகனங்கள் அங்கே போய்விட்டன. பழைய பாலம் நடக்கிறவர்களுக்கு வந்து சேர்ந்தது. மீன் பாடுவதைக் கேட்க வந்தவர்களும், பின்னேரக் காற்று வாங்குகிறவர்களும், பேரப்பிள்ளையின் கையைப் பிடித்த கிழவர்களும் அங்கே. மட்டமான தரை, பிடிக்கக் கம்பி, வாகனப் பயமில்லை. யாரும் திட்டமிட்டுச் செய்யாமலே மட்டக்களப்பின் மிக நல்ல நடைவழிகளில் ஒன்று அப்படி அமைந்தது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. 2006இல் வந்த ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடம், பொது இடம், பொதுச் சேவை கிடைக்கும் இடம் மூன்றையும் சொல்கின்றன. அவற்றை நடைமுறைப்படுத்த வைக்க நீதிமன்றம் ஏறியவர் கலாநிதி அஜித் பெரேரா. இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின்மேல் மரம் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். அவர் தொடுத்த வழக்கில் 2011 ஏப்ரல் 27 அன்று உயர் நீதிமன்றம் புதிய பொதுக் கட்டடங்கள் எல்லோருக்கும் அணுகக்கூடியனவாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. 2020இல் அவர் காலமானார். 2016இல் இலங்கை ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் சாசனத்தையும் ஏற்றுக்கொண்டது.

இவ்வளவுக்குப் பிறகும் நம் பேச்சு வங்கி வாசலிலும் கச்சேரிப் படிக்கட்டிலும் நிற்கிறது. ஆற்றங்கரையும் பொது இடம்தான், கோயில் வீதியும் பொது இடம்தான், துறையும் பொது இடம்தான் என்று பிரதேச சபைக் கூட்டத்தில் யாராவது எழும்பிச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் 8.7 வீதமானோர், 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர், ஏதோ ஒரு இயலாமையோடு வாழ்ந்தார்கள். அதே கணக்கெடுப்பில் அறுபதைத் தாண்டியோர் 12.4 வீதம். அதற்குப் பிறகு நாடு இன்னும் முதிர்ந்துவிட்டது. போரில் காலிழந்தவர்களும் இங்கே முதியவர்களாகிக்கொண்டு வருகிறார்கள்.

“ஓட்டோ இருக்குத்தானே, ஏன் நடக்கணும்?” என்று என்னிடம் கேட்டவர் உண்டு. ஓட்டோவில் வெற்றிலைக் கொடி தெரியாது. ஓட்டோவில் போகிறவரை யாரும் மறித்து “எப்படி மாமா சுகம்?” என்று கேட்பதில்லை. மாமாவுக்கு ஆற்றைவிட அந்த விசாரிப்புத்தான் கூடத் தேவைப்பட்டதோ என்றும் எனக்கு ஒரு சந்தேகம்.

இது கோடிக்கணக்கில் காசு கேட்கும் வேலை இல்லை. துறையில் நீண்ட தட்டும் பிடிகம்பியும் பிரதேச சபை போடலாம். யாத்திரைக்கு முன் கோயில் நிர்வாகங்கள் தங்கள் எல்லைக்குள் நாலு வாங்கும், அகலக் கதவு வைத்த ஒரு மலசலகூடமும் ஒழுங்கு செய்யலாம். மீனவர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் ஒரு சனிக்கிழமை சேர்ந்தால் ஐந்தடி மணலுக்குப் பாய் விரித்துக் கிரவல் கொட்டிவிடலாம். கொங்கிறீட் ஓரத்துப் பள்ளங்களை நிரப்ப ஒரு உழவு இயந்திரப் பெட்டி மண் போதும். மோட்டார் சைக்கிளை மறிக்கிறோம் என்று வழிக்குக் குறுக்கே கம்பி நடுகிறவர்கள், அதற்குள்ளால் ஒரு சக்கர நாற்காலி போகுமா என்று பார்த்துவிட்டு நடட்டும்.

மாமாவின் கதிரையின் அகலம் இருபத்தாறு அங்குலம். தள்ளுகிறவரின் விரல் முட்டாமல் போக மூன்றடி வழி வேண்டும். மாரி தொடங்குமுன் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு, உங்கள் வீட்டுப் படலையிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் ஒருதரம் நடந்து பாருங்கள்.